குடும்ப ஓய்வூதிய உரிமை: தோற்றமும் தகராறும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் பெருந்தலைவர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றை எழுதவல்ல அறிஞர் பலர் உளர். அரசுப் பள்ளிகளிலேயே வாழ்நாளைக் கழித்த நான், நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் சில காகிதங்களின் வரலாற்றை எழுத விரும்பினேன். பணி நியமன ஆணை, பணிப் பதிவேட்டின் நகல், வாரிசு நியமனப் படிவம், ஓய்வூதியப் புத்தகம் ஆகியவையே அக்காகிதங்கள். குடும்பத் தலைவர் உயிரோடிருக்கும் வரையில் இவற்றை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அவர் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டால், ஒரு குடும்பத்தின் சோறும் பிள்ளைகளின் படிப்பும் இக்காகிதங்களையே நம்பி நிற்கின்றன.

ஒரு மாற்றுச் சான்றிதழ்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன். நம் மக்களில் ஒருவர், அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்தவர், நாற்பது வயதைக் கடந்த சில நாளில் மாரடைப்பால் இறந்தார். தாய், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள் ஆகியோரே அவர் குடும்பம். பணியில் சேர்ந்தபோது அவர் மணமாகாதவர். ஆகவே சேமநல நிதிக்குத் தம் தாயின் பெயரையே வாரிசாக எழுதிக் கொடுத்திருந்தார். மணமான பின்னர் அதனை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எடுத்துச் சொல்லவும் அருகில் ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலையே பேச்சு முற்றியது. "எம் மகன் எம் பேரைத்தானே எழுதி வச்சிருக்கான்" என்றார் தாய். "தாலி கட்டிக்கிட்டவ நான் ஒருத்தி இருக்கேன், எம் பிள்ளைக ரெண்டு இருக்கு" என்றார் மனைவி. இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் இருவரையும் சூழ்ந்து நின்ற உறவினர்க்கு உண்மையைவிடத் தொகையே பெரிதாய்த் தெரிந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு தரப்பு விண்ணப்பிக்க, மறு தரப்பு ஆட்சேபணை எழுதியது. வழக்கு தொடுக்கப்பட்டது. தகராறு தீர்ந்து வரட்டும் என்று சொல்லி, ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்பையும் கட்டி வைத்துவிட்டனர். மாதங்கள் ஆண்டுகளாயின. மூத்த பெண் பத்தாம் வகுப்பின் நடுவில் படிப்பை நிறுத்தினாள். தாயோடு கூலிக்குப் போகத் தொடங்கினாள். அவளுடைய மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டவன் நான்.

இந்நிகழ்ச்சியில் என்னை இன்றும் வருத்துவது ஒன்று உண்டு. அந்த வழக்கே தேவையற்றது. குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கே உரியது. சேமநல நிதியின் வாரிசு நியமனம் அதனைத் தொடாது. சேமநல நிதித் தொகையைப் பொறுத்தவரை தாயும் மனைவியும் மக்களும் பங்குக்கு உரியவர்களே. இதனை அந்த வீட்டில் ஒருவர் அறிந்திருந்தாலும் போதும். அப்பெண் தேர்வு எழுதியிருப்பாள். இவ்வுரிமை எவ்வாறு பிறந்தது, எங்கெங்கே சிக்குகிறது என்பதை நம் இளைஞர்கள் தெளிவாக அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊழியம் மட்டுமே வாரிசுச் சொத்தாக இருந்த காலம்

சேத்தூர், மேற்கு மலையடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த பழைய ஜமீன் ஊர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வரும் வரையில் இங்கே நிலமும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்பதை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் நம் முன்னோர்க்கும் அரசாங்கத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கிராம ஊழியத்தோடு நின்றது. ஜமீன் ஊர்களின் கிராம ஊழியத்தை 1894ஆம் ஆண்டுச் சட்டமும், பரம்பரைக் கிராமப் பதவிகளை 1895ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுத்தன. அவ்வூழியத்துக்கு மானியமும் களத்து நெல்லும் கிடைத்ததுண்டு. ஓய்வு என்பது இல்லை. ஓய்வூதியம் என்பதும் இல்லை. தகப்பன் இறந்தால் மகனுக்குக் கிடைத்தது தகப்பன் பார்த்த அதே ஊழியம். கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980ஆம் ஆண்டு நவம்பரில் ஒழிக்கப்பட்டன. கிராமத்தின் கடைநிலை ஊழியர்களோ 1995ஆம் ஆண்டில்தான் முழுநேரப் பணியாளர் என்னும் நிலையை எய்தினர்.

சம்பளப் பட்டியலில் நம் பெயர்கள் ஏறியதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் உண்டு. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால், 1943ஆம் ஆண்டில் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8.33 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அரசியல் சட்டம் 1950இல் இதனை உறுதிப்படுத்திற்று. தமிழ்நாட்டில் 16 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 1971இல் 18 ஆக உயர்ந்தது. துப்புரவுப் பணி, அலுவலக உதவியாளர் பணி, காவலர் பணி, ரயில்வேப் பணி, ஆசிரியர் பணி என்று ஒவ்வொரு படியாக நம்மவர் ஏறினர். ஒரு தெருவில் ஒருவர் மாதச் சம்பளம் வாங்கினால் அதுவே பெரும்பேச்சாக இருந்த காலம் அது.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். நம் தெருக்களுக்குள் மாதச் சம்பளம் நுழைந்த காலமும், குடும்ப ஓய்வூதியம் என்னும் உரிமை பிறந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. தலைமுறை தலைமுறையாக அரசுப் பணியில் இருந்த குடும்பங்களுக்குப் பதிவேடும் படிவமும் பழக்கமானவை. நாமோ சம்பளத்தைப் பெற்றோம்; அதற்குரிய காகிதப் பழக்கத்தைப் பெறவில்லை. பின்னால் வந்த தகராறுகள் பலவற்றுக்கு இதுவே வேர்.

கருணையாக இருந்தது உரிமையான வரலாறு

ஓய்வூதியம் வெள்ளையர் ஆட்சியில் முதலில் படைவீரர்க்காகத் தோன்றியது. மீர் ஜாபர் விட்டுச் சென்ற 5 லட்சம் ரூபாயைக் கொண்டு, கிளைவின் பெயரால் 1770இல் நிதியம் ஒன்று ஏற்பட்டது. கும்பினிப் படையில் பணியாற்றியோர்க்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் அது உதவியது. பின்னர் 1871ஆம் ஆண்டில் ஓய்வூதியச் சட்டம் வந்தது. அச்சட்டம் இருமுகம் கொண்டது. ஓய்வூதியம் பற்றி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காட அது தடை விதித்தது. அஃதாவது, ஓய்வூதியம் ஆள்வோரின் அருளே என்பது அதன் உட்பொருள். ஆனால் ஓய்வூதியத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது என்றும், பின்னால் வரவேண்டிய ஓய்வூதியத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்றும் கூறிய நன்மையும் அதில் உண்டு. ஓய்வூதியப் புத்தகத்தையும் வங்கி அட்டையையும் ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்போர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்பதை நம்மவர் மனத்தில் கொள்க.

அக்காலத்தில் குடிமைப் பணியாளரின் ஓய்வூதியம் அவரோடே முடிந்தது. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் மனைவிக்குச் சிறு தொகையும் இரங்கற் சொல்லும் கிடைத்தால் பெரிது. விடுதலைக்குப் பின் 1950இல் மத்திய அரசு கொணர்ந்த விதிகளிலும், நெடுங்காலம் பணியாற்றியவரின் குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டுமே உதவி கிடைத்தது. இளமையில் கணவனை இழந்தவளுக்கு அதனால் பயனில்லை.

நம் மாவட்டத்தைச் சேர்ந்த பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955ஆம் ஆண்டில், உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் உள்ளாட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடு ஆகிய மூன்றும் அடங்கிய திட்டம் வந்தது. ஆசிரியன் என்ற முறையில் இதனை நன்றியோடு குறிக்கிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியராயினர்.

பெருந்திருப்பம் 1964இல் நேர்ந்தது. அவ்வாண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தின்படி, ஓராண்டு பணியாற்றியிருந்தாலே குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு; மனைவிக்கு வாழ்நாள் முழுதும், அல்லது அவள் மறுமணம் செய்துகொள்ளும் வரையில்; அவளுக்குப் பின் குறித்த வயது வரையில் மக்களுக்கு. பணிக்காலத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு முதற் சில ஆண்டுகளுக்குக் கூடுதல் விகிதமும் வந்தது. தமிழ்நாட்டில் இதற்குரிய விதிகள் இப்போது 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 49ஆம் விதியில் உள்ளன.

ஆனால் மத்திய அரசின் திட்டத்தில் ஒரு முள் இருந்தது. ஊழியர் தம் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு இசையாதவரின் குடும்பமும், திட்டம் வருவதற்கு முன்னரே இறந்தவரின் குடும்பமும் வெளியே நின்றன. இரண்டு மாதச் சம்பளம் என்னும் நிபந்தனை 22-9-1977இல் நீக்கப்பட்டது. எனினும் முன்னரே கணவரை இழந்தவர்களுக்கு வழி பிறக்கவில்லை.

இதற்கிடையே உச்சநீதிமன்றத்தின் கருத்து மாறி வந்தது. பீகார் மாநிலக் கல்வித் துறையைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரசாத் என்பவரின் வழக்கில், 1971ஆம் ஆண்டு, ஓய்வூதியம் அரசு விரும்பினால் தரும் கொடையன்று, அது ஊழியரின் சொத்து என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நகரா என்னும் ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கில் 17-12-1982 அன்று மற்றோர் அமர்வு தீர்ப்புக் கூறியது. நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய அத்தீர்ப்பு, ஓய்வு பெற்ற நாளை வைத்து ஓய்வூதியரை இரு சாதியாகப் பிரித்தல் சமத்துவத்துக்கு முரண் என்றது. ஓய்வூதியர் நாளாக டிசம்பர் 17 கொண்டாடப்படுவது இதனாலேயே.

நகரா வழக்கைப் பலர் அறிவர். அதனைத் தொடர்ந்து 1985இல் வந்த ஒரு தீர்ப்பை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை. தீர்ப்பேடுகளில் பூனமாள் என்று பெயர் பதிவாகியிருக்கும் கைம்பெண்ணும் அவரைப் போன்ற பிறரும், தங்களைக் குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தியது முறையன்று என்று உச்சநீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கிலும் தீர்ப்பெழுதியவர் நீதிபதி தேசாயே. ஊழியர் ஓய்வூதியம் பெறுவது எவ்வாறு உரிமையோ, அவ்வாறே அவர் மனைவியும் சிறு மக்களும் குடும்ப ஓய்வூதியம் பெறுவதும் உரிமையே என்றும், வேண்டாமல் வந்து சேரும் வறுமைக்கு அரசு துணை நிற்கும் என்று அரசியல் சட்டம் அளித்த வாக்கின் நிறைவேற்றமே இஃது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. வெளியே நிறுத்தப்பட்ட கைம்பெண்களுக்கு 22-9-1977 முதல் ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது. கணவர் விட்டுக்கொடுக்காத இரண்டு மாதச் சம்பளத்துக்காக மனைவி ஆயுள் முழுதும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தைச் சொல்லவைத்தவர்கள் அப்பெண்களே. நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் அவர்களுக்கும் ஓரிடம் உண்டு.

தகராறுகளின் வகை

உரிமை பிறந்தாயிற்று. அவ்வுரிமைக்கு உரியவர் யார் என்பதில்தான் குடும்பங்கள் பிளவுபடுகின்றன. நான் கண்டவற்றையும் நீதிமன்றங்கள் தீர்த்தவற்றையும் கொண்டு நான்கு வகையாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, உயிலும் வாரிசு நியமனமும் பற்றியது. இறந்தவர் யார் பெயரை எழுதி வைத்தாரோ அவருக்கே எல்லாம் என்று நம்மவர் கருதுகின்றனர். ரயில்வே ஊழியர் ஒருவர் மனைவியோடு மனம் வேறுபட்டுத் தம் சகோதரருக்கு உயில் எழுதி வைத்து இறந்தார். மனைவி வயலட் ஐசக் தொடுத்த வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே ஆகாது, ஆதலால் அதனை உயிலால் பிறருக்குக் கொடுக்க இயலாது என்று 1991இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் உயிரோடிருக்கும்போது பெறாத ஒன்றை அவர் எவ்வாறு எழுதி வைக்க முடியும்? அவர் இறந்த பின்னரே பிறக்கும் உரிமை அது. விதி யாரைச் சுட்டுகிறதோ அவருக்கே அது சேரும். மனைவி இறந்து கணவர் கேட்கும் வழக்குக்கும் இதுவே நெறி. பிரிந்து வாழ்ந்த மனைவி வேறொருவர் பெயரை எழுதி வைத்திருந்தும், கணவருக்கே குடும்ப ஓய்வூதியம் என்று 1999இல் பாட்டியா வழக்கில் முடிவாயிற்று.

சேமநல நிதி, காப்பீடு முதலியவற்றில் வாரிசாகக் குறிக்கப்பட்டவர் தொகையைப் பெற்று, உரியவர்க்குப் பங்கிட்டுத் தரும் பொறுப்பாளர் போன்றவர். காப்பீட்டைப் பொறுத்து 1983இல் சர்பதி தேவி வழக்கும், சேமநல நிதியைப் பொறுத்து 2009இல் சிப்ரா சென்குப்தா வழக்கும் இதனைக் கூறின. பின்னதில், மணத்துக்கு முன் தாயின் பெயரில் செய்த நியமனமே தகராறாயிற்று. மனைவியின் பங்கை அந்நியமனம் அழிக்காது என்றது நீதிமன்றம். நான் மேலே கூறிய நம்மூர்க் குடும்பத்தின் நிலை அச்சொட்டாக இதுவே. அதே வேளையில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனின் சொத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசே என்பதை மருமகள்மார் மறத்தல் ஆகாது. பெற்று வளர்த்தவளை வெறுங்கையோடு அனுப்புதல் சட்டமும் ஆகாது, தருமமும் ஆகாது.

இரண்டாவது வகை, திருமணத்தை மெய்ப்பிப்பது பற்றியது. நம் திருமணங்களுக்குப் பந்தலும் ஊராருமே சாட்சி. ஏட்டில் பதிவு இராது. தேவாலயத்தில் மணம் செய்த நம் கிறித்தவ உறவினர்க்கு ஆலயத்தின் மணப் பதிவேடு கைகொடுக்கிறது. மற்றவர்க்குப் புகைப்படமும் அழைப்பிதழும் அன்றி வேறில்லை. புரோகிதர் இன்றி மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் கூறியிருந்தது. அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, முன்னர் நடந்தவையும் செல்லுபடியாயின. எத்தனையோ கைம்பெண்களின் ஓய்வூதியம் அந்த ஒரு பிரிவினால் காக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருமணப் பதிவு தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று.

மூன்றாவது, இரு மனைவியர் தகராறு. இதனைக் கூச்சத்தால் மறைத்துப் பயனில்லை. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டிலேயே இருதார மணம் தடுக்கப்பட்டது; 1955இல் இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதனை விதித்தது. அரசு ஊழியருக்கோ 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அது ஒழுங்கீனமும் ஆகும். முதல் மனைவி இருக்கையில் மணந்தவள் எத்தனை ஆண்டு உடன் வாழ்ந்திருந்தாலும், அவருடைய மருத்துவச் செலவுக்குத் தன் நகையை விற்றிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் மனைவியாகாள். ஆனால் அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? பீகாரைச் சேர்ந்த ராமேசுவரி தேவி வழக்கில், 2000ஆம் ஆண்டு, இரண்டாம் மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை, ஆனால் அவள் மக்களுக்கு உரிய வயது வரையில் பங்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. அப்பிள்ளைகளைக் கருணை அடிப்படைப் பணிக்குக் கருதாமல் விலக்குதல் தவறு என்று 2018இல் திரிபாதி வழக்கிலும் கூறிற்று.

நம் சமுதாயத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கு உண்டு. மணவாழ்வு கசந்தால் ஊர்ப் பெரியோர் முன் தீர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் வேறு மணம் செய்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வந்தது. உயர்ந்தவர் எனப்பட்டோர் இதனைக் குறைவாகப் பேசினர். பெண்ணைக் கைம்மைக் கொடுமைக்குள் பூட்டாத இவ்வழக்கம் நமக்குப் பெருமையே. இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் வழக்காற்றின்படி நடக்கும் மணவிலக்கை ஏற்கிறது. ஆயினும் அவ்வழக்காறு உண்டு என்பதையும், அதன்படி தீர்த்து நடந்தது என்பதையும் கேட்பவரே மெய்ப்பிக்க வேண்டும். தீர்த்துவைத்த பெரியோர் மறைந்துபோவர். எழுதிய சீட்டு கறையான் தின்றுபோகும். நேர்மையாகத் தீர்த்துவிட்டு மணந்த பெண், இருபது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் மனைவி என்ற பெயரோடு நிற்கிறாள். தீர்த்துவிடப்பட்டவரும் ஒருநாள் வந்து முதல் மனைவி நானே என்கிறார். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்துவது எழுதி வைக்காத குறையே.

நான்காவது வகை, பணி பற்றியது. கருணை அடிப்படையில் பணி வழங்கும் ஆணை தமிழ்நாட்டில் 1972ஆம் ஆண்டு பிறந்தது. மகனுக்கா, மகளுக்கா, மனைவிக்கா என்பதில் வீடு பிளவுபடுகிறது. இப்பணி வாரிசுச் சொத்தன்று; திடீரெனச் சாய்ந்த குடும்பத்தைத் தாங்கும் முட்டுக்கோலே என்று 1994இல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. பல ஆண்டு கழித்துக் கேட்டால் குடும்பம் பிழைத்துக்கொண்டது என்று பொருளாகிவிடும். தமிழ்நாட்டு விதிப்படி இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் ஆட்சேபித்து அம்மூன்று ஆண்டுகளையும் வீணாக்கிய வீடுகளை நான் அறிவேன். பணியும் போயிற்று, உறவும் போயிற்று.

மேலும் ஒன்று. தமிழ்நாட்டில் 1-4-2003 முதல் பணியேற்றோர்க்குப் பழைய ஓய்வூதிய விதிகள் பொருந்தாமல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆகவே அந்நாளுக்குப் பின் பணியில் சேர்ந்தோர், தத்தம் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தந்தையின் அனுபவத்தைக் கொண்டு கணக்கிடுதல் கூடாது. நடப்பு ஆணைகளைக் கேட்டறிதல் வேண்டும்.

இளைஞர் செய்ய வேண்டுவன

அருமை இளைஞர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அரசுப் பணியில் இருப்போர் இருப்பின், அவர்க்கு உதவியாகக் கீழ்க்காண்பனவற்றைச் செய்யுங்கள்.

1. மணமானவுடன் வாரிசு நியமனப் படிவங்களைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பணிப் பதிவேட்டில் மனைவி மக்கள் பெயரும் பிறந்த நாளும் ஏறியுள்ளனவா என்று அவரையே பார்த்துவரச் செய்யுங்கள்.

2. திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்.

3. வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று இருத்தல் ஆகாது. ஓரெழுத்து மாறியதால் கோப்பு திரும்பிய வீடுகள் பல. பள்ளியில் சேர்க்கும்போதே பெயரைச் சரியாக எழுதுவது பெற்றோரின் முதற்கடமை.

4. மணவாழ்வு முறிந்தால், ஊர்ப் பெரியோர் தீர்த்ததோடு நில்லாது நீதிமன்றத்தின் மணவிலக்குத் தீர்ப்பையும் பெறுங்கள். அதன் பின்னரே மறுமணம்.

5. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு; நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. எந்த அலுவலகம் எதனைக் கேட்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. தகராறு வந்துவிட்டால், வழக்குச் செலவுக்கு அஞ்சிக் கடன் வாங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டியல் இனத்தவர்க்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. நம் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. மேல் முறையீடு வேண்டுவோர்க்கு 2004 முதல் மதுரையிலேயே உயர்நீதிமன்றக் கிளை அமைந்துள்ளது.

7. ஓய்வூதியத்தில் தகராறு இல்லாத பகுதியைத் தகராறுள்ள பகுதியோடு சேர்த்துக் கட்டிவைக்க விடாதீர்கள். சேமநல நிதி வழக்கில் இருந்தாலும், மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தைத் தனியே வழங்குமாறு எழுதிக் கேளுங்கள்.

முடிவுரை

தொடக்கத்தில் நான் கூறிய வழக்கு முடிவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாயிற்று. தாய்க்குரிய பங்கு தாய்க்குப் போயிற்று, மனைவி ஓய்வூதியம் பெறுகிறார், நிலுவையும் வந்தது. இன்று அம்மூதாட்டியும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கின்றனர். இளைய பெண் படித்து முடித்தாள். மூத்தவள் மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. நிலுவைத் தொகையைக் கணக்கிட்டுத் தரக் கருவூலத்தால் முடியும். நின்றுபோன பத்தாம் வகுப்பைக் கணக்கிட்டுத் தர எந்த அலுவலகத்தாலும் முடியாது.

கல்வி என்பது பட்டம் பெறுவதோடு முடிவதன்று. தன் வீட்டுக் காகிதத்தைத் தானே படித்துப் பொருள் அறிவதும், அடுத்த வீட்டுக் கைம்பெண்ணுக்கு அதனைப் படித்துச் சொல்வதும் கல்வியே ஆகும். நம் சங்கம் மாலை வகுப்பு நடத்துவது போல், மாதத்தில் ஒருநாள், படித்த இளைஞர் இருவர் அமர்ந்து, வருவோரின் படிவங்களைப் பார்த்துத் தர ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை; ஒரு மேசையும் ஒரு பேனாவும் பொறுமையும் போதும். ஓய்வு பெறும் நாள் எனக்கும் அருகில் வந்துவிட்டது. அந்த மேசையில் ஒரு நாற்காலியை எனக்கும் ஒதுக்கி வைக்குமாறு சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.